சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கி.மீ. என்றால், 17 மணி நேரத்தில் போய்விட முடியாதா?

மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருவது சரியே. ஆனால் விமான அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் காட்டப்படுவதற்குக் காரணம் உண்டு.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 104 பாகை கிழக்கிலும், ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் 74 பாகை மேற்கிலும் உள்ளன. கூட்டினால் 178 பாகை. அதாவது, இரண்டும் பூமிப்பந்தின் ஏறக்குறைய நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். ஓர் உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும்.

விமானங்களோ பெரும்பாலும் அந்த வழியில் செல்வதில்லை. பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அதிவேகக் காற்றோட்டத்தைப் பின்காற்றாகப் பெறுவதற்காக, தூரம் கூடினாலும் கிழக்கே வளைந்து செல்கின்றன. காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் நேரமும் மாறுகின்றன. மேலும், அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலை அடைவது வரையிலான மொத்த நேரம்.

கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நண்பகலில் புறப்படுபவர் அதே தேதி மாலையில் இறங்குவார்.