கோல்ஃப் மட்டைத் தலை வாங்கியாச்சு, ஷாஃப்ட் உள்ளே போகல

வணக்கம் நண்பரே. பழைய அயர்ன் (உலோகத் தலை வெச்ச கோல்ஃப் மட்டை) தலைகளை மட்டும் மலிவா வாங்கி, கையில இருந்த ஸ்டீல் ஷாஃப்டை, அதாவது மட்டையோட தண்டைப் போட்டா பாதியிலேயே நிக்குது, நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தேய்க்காதீங்க! ஸ்டீல் ஷாஃப்ட் உள்ளே வெறும் குழாய்தான். சுவர் மெலிஞ்சா ஹோசல் (தலையில ஷாஃப்ட் நுழையற குழல்) விளிம்புல முறியும். நான் ஒருதடவை அப்படிச் செஞ்சு, பயிற்சித் திடல்ல பந்தைவிடத் தலை தூரமாப் போச்சு.

அயர்ன்ல நுனி அளவு பெரும்பாலும் ரெண்டுதான்: 0.355 அங்குல டேப்பர் (நுனி நோக்கிக் குறுகிட்டே போறது), 0.370 அங்குல பேரலல் (நுனிப்பகுதி ஒரே தடிமனா இருக்கிறது). மில்லிமீட்டர்ல சுமார் 9.0, 9.4. வெர்னியர் வெச்சு அளந்து பாருங்க. உங்க ஷாஃப்ட் 0.370, தலை 0.355க்கானதா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா அதுக்கு முன்னாடி ஹோசல் உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. கழட்டி வித்த தலைன்னா பழைய எபாக்ஸி பசை கறுப்பா ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினாலே சில சமயம் வழுக்கிட்டு உள்ளே போயிடும். நிஜமாவே அளவு வேறன்னா, கிளப் பழுது பார்க்கிறவர்கிட்ட ஹோசலை ரீமர் (துளையைக் கடையற கருவி) போட்டுப் பெருசாக்கச் சொல்லுங்க. ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின) தலைன்னா சுலபம், ஸ்டெயின்லெஸ் வார்ப்புன்னா கொஞ்சம் மல்லுக்கட்டணும்.

ஒட்டினதும் ஒரு நாள் முழுசா காயவிடுங்க. அடுத்து டிரைவர் (தூரமா அடிக்கிற நீள மட்டை) தலை வாங்கினா அடாப்டரையும் (ஷாஃப்டைத் தலையோட இணைக்கிற துண்டு) பாருங்க, ஒரு கம்பெனியோடது இன்னொண்ணுக்குப் பொருந்தாது.