சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடம் ஹோட்டலாக மாறியது எப்படி?

ஹோட்டலாகத் திறக்கப்பட்டது 1999-இல்தான். ஆனால் அதன் பிறப்பே ஓர் அதிசயம். ஸ்டேட் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் அந்த மனையில் ஏற்கெனவே ஒரு பழைய கட்டடம் இருந்தது. அதன் மேல்மாடி வாடகைதாரர்களின் குத்தகை 1894 வரை முடியாது. மனைக்குச் சொந்தக்காரரான வில்லியம் ஹேல் காத்திருக்கவில்லை. மேல்மாடிகளைத் திருகு ஜாக்கிகளால் தாங்கி நிறுத்திவிட்டு, அடியில் புதிய அஸ்திவாரத்தையும் தரைத்தளத்தையும் கட்ட வைத்தார்! முதலில் வடிவமைத்த ஜான் ரூட் 1891-இல் இறந்துவிட, சார்லஸ் அட்வுட் 1895-இல் 14 மாடிகளாக முடித்தார்.

எடையை எஃகுச் சட்டகம் சுமந்ததால், சுவர்களுக்குப் பதில் பெரிய கண்ணாடிகளும் வெள்ளைச் சுடுமண் ஓடுகளும் போதுமாயின. இன்றைய கண்ணாடிக் கோபுரங்களுக்கு இதை மூதாதை என்றே நான் சொல்வேன். வெளிச்சம் நிறைந்த அறைகளை மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் விரும்பி எடுத்தார்கள்.

பிற்காலத்தில் பராமரிப்பு குன்றி, ஓடுகள் விரிசல்விட்டு, கட்டடம் பாழடைந்தது. 1990-களில் நகராட்சி அதை வாங்கி வெளிப்புறத்தைச் சீரமைத்தது. பிறகு தனியார் முதலீட்டில் 'ஹோட்டல் பர்ன்ஹாம்' உருவானது. இதற்கு ஹோட்டல் பொருந்தியதன் காரணம் எளிது: கட்டடம் குறுகலானது, மருத்துவர்களின் சிறிய அறைகள் அனைத்துக்கும் ஜன்னல் உண்டு. பரந்த தளங்கள் கொண்ட பிற்கால அலுவலகங்களில் நடுப்பகுதிக்கு வெளிச்சமே எட்டாது. ஹோட்டலின் பெயர் பின்னர் மாறிவிட்டது. விருந்தினர்கள் இன்னும் வந்து தங்குகிறார்கள்.