என் காசு, என் உடம்பு: மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் சிகரெட் பிடித்தால் ஏன் அபராதம்?

புகைப்பதை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை, வீட்டில் பிடிக்கலாம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் 2008 விதிகளும் பொது இடத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. பேருந்து நிலையமும் அதில் அடக்கம். அபராதம் 200 ரூபாய் வரை.

உங்கள் உடம்பு உங்களுடையதுதான். ஆனால் பக்கத்து பெஞ்சில் திருமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கைக்குழந்தையின் மூச்சு? புகைக்காதவரின் வாழ்வுரிமையை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவை, முன்வைத்துத்தான் 2001-இல் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. எனக்கு அது முழுக்கச் சரி.

டீக்கடைக்காரர்கள் கோட்டைவிடுவது வேறிடத்தில். உட்கார்ந்து குடிக்கும் கடையும் பொது இடமே. 60-க்கு 30 செ.மீ. அளவில் ‘புகைபிடிக்கக் கூடாது’ அறிவிப்புப் பலகை வைத்தால் போதாது. கல்லா ஓரம் நூலில் தொங்கும் லைட்டரையும் கழற்ற வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி கொடுப்பதும் விதிமீறல். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் என்றால் சிகரெட் விற்கவே கூடாது.