மெஷினுக்கு ஜீரோ, மிளகுக்கு மட்டும் ஏன் 50 சதவீதம்?

விருதுநகரில் மசாலா பாக்கெட் போடும் தொழில் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போன வருடம் தாய்லாந்திலிருந்து பேக்கிங் மெஷின் இறக்கினோம். ஆசியான் ஒப்பந்தத்தில் அடிப்படை சுங்க வரி ஜீரோ. இப்போது வியட்நாம் மிளகுக்கு விசாரித்தால் ஏஜென்ட் 50 சதவீதம் என்கிறார். ஒரே ஒப்பந்தம்தானே? வரியைப் படிப்படியாக எடுத்துவிடுவார்கள் என்றார்களே, இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் மிளகுக்கும் ஜீரோ ஆகிவிடுமா?"

ஆகாது. உங்கள் ஏஜென்ட் சொன்னது சரிதான்.

இந்தியாவும் ஆசியான் நாடுகளும் (தாய்லாந்து, வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 2010 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நாடாக அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் ஒன்றுதான், உள்ளே இறங்கும் படிக்கட்டுகள் பல. ஒரு பொருள் எந்தப் பட்டியலில் விழுந்தது என்பதுதான் அதன் தலையெழுத்து. பெரும்பாலான பொருள்கள் சாதாரணப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியா அவற்றின் வரியை 2007 ஜூலை 1-இல் இருந்த விகிதத்திலிருந்து குறைத்துக்கொண்டே வந்து, ஒரு பகுதிக்கு 2013 முடிவிலும் மீதிக்கு 2016 முடிவிலும் பூஜ்ஜியமாக்கியது (பிலிப்பைன்ஸுக்கு மட்டும் தனிக் கணக்கு). உங்கள் மெஷின் ஜீரோவில் வந்தது என்றால் இந்த வகையில்தான் இருந்திருக்கும். அடுத்தது உணர்வுபூர்வப் பட்டியல், அது பொதுவாக 5 சதவீதத்தில் நின்றுவிடும். இயற்கை ரப்பர் மாதிரி 489 இனங்கள் விலக்குப் பட்டியலில் போய்விட்டன, அவற்றுக்குச் சலுகையே கிடையாது.

மிளகு இந்த மூன்றிலும் இல்லை. கச்சா பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காபி, கறுப்புத் தேயிலை, மிளகு ஆகிய ஐந்தையும் சிறப்புப் பொருள்கள் என்று தனியே பிரித்து வைத்தார்கள். மிளகுக்கு ஆரம்பம் 70 சதவீதம். வருடத்துக்கு 2 சதவீதமாக இறங்கி, 2019 கடைசியில் 50-ஐத் தொட்டது. அதற்குக் கீழே படியே கட்டவில்லை. கேரளத்திலும் குடகிலும் மிளகு விவசாயிகள் இருக்கும்வரை கட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய 2023-இல் ஒப்புக்கொண்டார்கள்தான், ஆனால் அதை நம்பி சரக்குக்கு ஆர்டர் போடாதீர்கள்.

இன்னொன்று, பட்டியலில் உள்ள விகிதம் உச்சவரம்பு மட்டுமே. அரசு அதற்குக் கீழே எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கச்சா பாமாயிலைப் பாருங்கள். 2010-இல் ஒப்பந்த விகிதம் 76 சதவீதம். ஆனால் 2008-லேயே இந்தியா தானாக வரியை எடுத்துவிட்டதால் அந்த 76-ஐ யாரும் கட்டவில்லை. பிறகு ஏற்றிக்கொண்டே வந்து 2018 மார்ச்சில் 44 ஆக்கினார்கள். ஆசியான் பட்டியலில் அந்த வருடத்து உச்சமும் அதே 44. அதனால் வாங்குகிறவர் எப்போதும் ஒப்பந்த விகிதம், அரசு போட்டிருக்கும் பொது விகிதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைந்ததைக் கட்ட வேண்டும்.

சரி, உங்கள் மிளகுக் கணக்குக்கு வருவோம். கிலோ 600 ரூபாய் அடக்கத்தில் துறைமுகம் வந்து சேர்கிறது என்று வையுங்கள். சலுகையோடு அடிப்படை வரி 300 ரூபாய், சலுகை இல்லாமல் பொது விகிதமான 70 சதவீதத்தில் 420. ஒரு டன்னுக்கு வித்தியாசம் 1,20,000 ரூபாய். ஒப்பந்தம் தொடுவது இந்த அடிப்படை வரியை மட்டும்தான், இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. தனியே வரும். கூடவே, கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மதிப்பில் மிளகு இறக்க 2018 மார்ச்சில் தடை போட்டிருக்கிறார்கள். வியட்நாமில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த விலை உங்களுக்கு உதவாது.

அந்த 1,20,000 ரூபாயைக் காப்பாற்றுவது ஃபார்ம் ஏஐ என்ற பிறப்பிடச் சான்றிதழ் ஒன்றுதான். மிளகு அந்த நாட்டிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். சரக்கு நேராக வர வேண்டும், வழியில் வேறு நாட்டில் கப்பல் மாறினால் முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) வேண்டும். 2020 செப்டம்பர் 21-க்குப் பிறகு சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. சரக்கு எங்கே, எப்படி விளைந்தது என்ற விவரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஐந்து வருடம் பத்திரப்படுத்தவும் வேண்டும். "இலங்கைச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், வரி இன்னும் குறையும்" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று இங்குள்ள விவசாயிகள் பல வருடமாகப் புகார் சொல்கிறார்கள், அதிகாரிகளின் கண் முதலில் அங்கேதான் போகும்.

அப்புறம், அடுத்த மெஷினை சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கும் யோசனை இருந்தால் ஒரு விஷயம். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளோடு போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல்தான் அமலுக்கு வந்தது, அதில் பல பொருள்களுக்கு வரி இன்னும் படி இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே தேதிதான் பணம். ஆர்டர் போட்ட நாளின் விகிதம் செல்லாது, சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்யும் நாளின் விகிதம்தான் (கப்பல் அதற்குப் பிறகு வந்தால் அது வந்து சேரும் நாள்). அடுத்த குறைப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது சரக்கு தூத்துக்குடி வந்துவிட்டால், வரி கட்டாமலே சரக்கை வைத்திருக்க அனுமதிக்கும் பாண்டட் கிடங்கில் வைத்துவிட்டுக் குறைந்த பிறகு எடுக்கலாம். கிடங்கிலிருந்து எடுப்பதற்குப் போடும் பில்லின் தேதியில் உள்ள விகிதம்தான் பொருந்தும். கிடங்கு வாடகையைக் கழித்துவிட்டு மிச்சம் நிற்கிறதா என்று மட்டும் முதலில் ஏஜென்ட்டிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.