பஞ்சர் பார்க்கப் போனால் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள், நம்பலாமா?

உடனே சரி சொல்லாதீர்கள், எதனால் மாற்ற வேண்டும் என்று டயரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிற கடையைத்தான் நான் நம்புவேன்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் இருப்பது 1.6 மி.மீ.தான், அப்போது கடைக்காரர் சொல்வது நியாயம். பக்கவாட்டில் புடைப்போ, உள்ளே நூல் தெரிகிற வெட்டோ இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், அங்கே ஒட்டுப் போட்டு ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. ஆனால், தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய ஒரு ஓட்டைக்காக நாலு டயர் எதற்கு? ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் புது டயரும் அப்படித்தான் தேயும்.

மாற்றுவது என்று முடிவானால், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு.

அப்புறம் டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவது கட்டாயம் என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பார்த்தாலே போதும்.