உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: விலை கேட்கும் முன் மண்டியிட்டுப் பாருங்கள்

கேள்வி: சார், இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் குதிரைசக்தி அதிகம், இன்னொன்றில் விலை குறைவு. பராமரிப்பை வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது?

பதில்: அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கடைக்குப் போனதும் சீட்டில் ஏறி உட்காராமல், முதலில் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிடுங்கள். பழைய ஆயில் எந்த வழியாக வெளியே வரும்? ஆயில் ஃபில்டருக்குக் கை போகிறதா? டெக்கை, அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் அடிக்கூட்டைக் கழற்ற எத்தனை இணைப்புப் பின்களை எடுக்க வேண்டும்? கிரீஸ் ஏற்றும் சின்ன முனையான கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன் பொருந்த இடம் இருக்கிறதா? விற்பவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். கை எட்டாத வேலையை நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம்.

என் முதல் வண்டியில் ஆயில் வடிக்கும் திருகு சட்டத்துக்கு நேர் மேலே இருந்தது. திறந்தால் சட்டம் முழுக்க ஆயில் வழியும். அந்த அசிங்கத்துக்குப் பயந்தே 50 மணி நேரத்தில் மாற்ற வேண்டியதை 150 வரை இழுத்தேன். என்ஜின் ஆயிலை எரித்து நீலப்புகை விட ஆரம்பித்த பிறகு வருந்தி என்ன பயன்? இப்போதுள்ள வண்டியில் வடிகுழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கால் மணி நேர வேலைதான், நாள் தவறுவதில்லை.

கேள்வி: வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு வேலை இருக்கும்?

பதில்: உங்கள் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம், 30 வாரம் வெட்டினால் 30 மணி நேரம். புது என்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 5 முதல் 10 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பிறகு 50 மணிக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. பிளேடுக்கு ஏறக்குறைய 25 மணிக்கு ஒரு சாணை. ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சு உறையைக் கழுவுவதும் அதே கணக்குதான். ஸ்பார்க் பிளக் 100 மணி தாங்கும். வண்டியோடு வரும் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் இல்லாத வண்டி என்றால் தனியாக ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலம் சரிவானது. ஹைட்ரோஸ்டாட்டிக் நல்லதா, கியர் நல்லதா?

பதில்: ஹைட்ரோஸ்டாட்டிக் என்றால் கியர் மாற்றாமல், பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி. ஓட்டுவதற்கு அது சுகம். ஆனால் கடைக்காரர் "இதற்குப் பராமரிப்பே வேண்டாம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கும் ஆயிலை மாற்ற முடியுமா? விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் அது மூடி முத்திரையிட்ட பெட்டி. சமதரையில் பல வருஷம் உழைக்கும். சரிவில் ஏறும்போதும் டிரெய்லர் இழுக்கும்போதும் சூடேறும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், பம்ப் தேயும், கடைசியில் மேட்டில் ஏறாமல் திணறும். அப்போது பெட்டியையே மாற்ற வேண்டி வரும், அது சின்னச் செலவு இல்லை. உங்கள் நிலத்துக்கு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றக்கூடியதை வாங்குங்கள். கூடுதல் காசைக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பெட்டியின் மேலே இருக்கும் விசிறியில் புல் அடையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்கில் தண்ணீர்க் குழாய் மாட்டிக் கழுவும் வசதி இருக்கிறதாம். அது போதுமா?

பதில்: போதாது. ஈரப்புல் மூலைகளில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும். கழுவினாலும் அவ்வப்போது டெக்கைக் கழற்றிச் சுரண்டத்தான் வேண்டும். அதனால்தான் பின்களை எண்ணச் சொன்னேன்.

கேள்வி: பேட்டரி வண்டி வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

பதில்: ஆயில், பிளக், கார்புரேட்டர் மூன்றும் போய்விடும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி அடைப்பது சின்ன என்ஜின்களின் தீராத நோய், அதுவும் இல்லை. பிளேடும் டெக்கும் டயரும் அப்படியேதான் இருக்கும். வாங்கும்போதே மாற்று பேட்டரியின் விலையையும் உத்தரவாத வருஷத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, 400 மணி ஓடிய பழைய வண்டி ஒன்று வருகிறது. எடுக்கலாமா?

பதில்: தம்பி, 400 என்ற எண்ணுக்குப் பயப்படாதே. நீ போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். நீலப்புகை நிற்காமல் வந்தால் திரும்பி வந்துவிடு. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு ஒவ்வொரு பிளேடையும் மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆடினால் பிளேடு சுழலும் அச்சைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கிறது. கடைசியாக ஆயில் எப்போது மாற்றினார் என்று கேள். சட்டென்று பதில் சொல்கிறவரின் வண்டியை நம்பலாம்.

கேள்வி: எனக்கு 60 வயது. தனியாகச் செய்துகொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஆயில், ஃபில்டர், பிளக், காற்றழுத்தம் எல்லாம் நீங்களே பார்க்கலாம். இரண்டு பக்க டயரிலும் காற்று சமமாக இல்லாவிட்டால் டெக் சாய்ந்து புல் மேடும் பள்ளமுமாக வெட்டுப்படும், அதை மட்டும் அடிக்கடி கவனியுங்கள். பிளேடு வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். வெறும் ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் கை விடக்கூடாது. வீட்டுக்கு வந்து வேலை செய்துகொடுக்கும் மெக்கானிக் அருகில் உண்டா என்பதையும் விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள்.