வாசலில் முடியாத பேச்சும் வெயிலில் வரும் தும்மலும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘இது எனக்கு மட்டும்தானா?’ என்றுதான் முடிகின்றன. உங்களுக்கு மட்டும் இல்லை. அதனால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு நேராகப் போய்விடுகிறேன்.

கேள்வி: ‘கிளம்புகிறேன்’ என்று எழுந்து நின்ற பிறகு வாசலிலேயே அரை மணி நேரம் பேச்சு ஓடுகிறது. உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வராத விஷயமெல்லாம் அப்போதுதான் வருகிறது. ஏன்?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பேச்சை ஆரம்பிக்க ஒருவர் போதும், முடிக்க இரண்டு பேரும் வேண்டும். இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1973-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். உரையாடல் எப்படி முடிகிறது என்று பதிவுகளை வைத்து வரி வரியாகப் பார்த்தார்கள். ஒருவர் ‘சரி...’ என்று இழுக்கிறார். புதிதாக எதையும் அவர் சொல்லவில்லை, தன் முறையை வெறுமனே விட்டுக்கொடுக்கிறார். எதிரில் இருப்பவரும் ‘சரி’ என்றால்தான் கதவு மூடும். ஆனால் அவர் ‘சரி’ சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. இதுவரை சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லிவிடு என்ற அனுமதி அது. மனசு உடனே தேடிப் பார்க்கும், எதையாவது எடுத்தும் கொடுக்கும். அது முடிந்ததும் மறுபடி ஒரு ‘சரி’, மறுபடி ஓர் இடைவெளி, மறுபடி ஒரு விஷயம்.

சரி, இத்தனை நேரம் பேச வேண்டும் என்று இருவரும் விரும்புகிறார்களா? ஆடம் மாஸ்ட்ரோயானி என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெருக்கமானவர்களோடு கடைசியாகப் பேசியதைப் பற்றிப் பலரிடம் கேட்டார்கள், முன்பின் தெரியாதவர்களை ஜோடி ஜோடியாகப் பேசவிட்டும் பார்த்தார்கள். இரண்டு பேரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் 2 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தன! இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று நினைத்தவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். போக வேண்டும் என்பதையும் இருக்க வேண்டும் என்பதையும், மரியாதை கருதி, நாம் ஒரே மாதிரி மறைக்கிறோம். அதனால் யாருக்கும் யாருடைய மனசும் தெரிவதில்லை. கிளம்பியே ஆக வேண்டும் என்றால் ‘சரி’ என்று இழுக்காதீர்கள். காரணத்தையும் அடுத்து எப்போது பேசலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், இடைவெளி குறையும். அவசரம் இல்லாத நாளில் வாசல் பேச்சை ஓடவிடலாம் என்பதுதான் என் கட்சி, முக்கியமான விஷயங்கள் பல சமயம் அங்கேதான் வெளியே வருகின்றன.

கேள்வி: ஏதோ எடுக்க அடுத்த அறைக்குப் போகிறேன். உள்ளே நுழைந்ததும் எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை. வயதாகிவிட்டதா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழுவினர் சோதித்தது கல்லூரி மாணவர்களை. 2011-இல் முடிவு வந்தது. ஒரு மேசையில் இருந்து பொருளை எடுத்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், நடக்கும் தூரம் ஒன்றுதான், ஆனால் சில சமயம் நடுவில் ஒரு வாசல் வரும். வாசலைத் தாண்டியவர்களுக்கு மறதி கூடியது. கணினித் திரையில் நடமாடினாலும் நிஜ அறைகளில் நடந்தாலும் அதேதான். மூளை நம்முடைய நாளைத் துண்டு துண்டாகக் கட்டி வைக்கிறது, இடம் மாறினால் ஒரு துண்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அதில் இருந்ததைப் பின்னால் தள்ளிவிடுகிறது. பெரும்பாலும் இது நமக்கு நல்லதே, பழைய அறையின் சாமான்கள் புதிய அறையில் தேவைப்படாதே.

கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போனால் ஞாபகம் வந்துவிடும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதே ஆய்வில் அதையும் பார்த்தார்கள், முதல் அறைக்குத் திரும்பியது மட்டும் நினைவை மீட்டுக் கொடுக்கவில்லை. உங்களுக்கு வருகிறது என்றால், முதலில் அந்த எண்ணத்தைக் கிளப்பிய பொருள், தீர்ந்துபோன பேனாவோ சிமிட்டிக்கொண்டிருக்கும் விளக்கோ, அங்கே மறுபடி கண்ணில் பட்டிருக்கலாம். அதைவிட எளிய வழி, எழும்போதே வாய்விட்டு ‘கத்தரிக்கோல்’ என்று சொல்லிக்கொண்டு நடப்பது. பக்கத்தில் இருப்பவர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

கேள்வி: வாய்ஸ் மெசேஜில் என் குரலைக் கேட்டால் சகிக்கவில்லை. நிஜமாகவே இப்படித்தான் பேசுகிறேனா?

பதில்: ஆமாம், மற்ற எல்லோரும் கேட்பது அந்தக் குரலைத்தான். நீங்கள் பேசும்போது உங்களுக்குக் குரல் இரண்டு வழியில் வருகிறது. வாயிலிருந்து காற்றில் போய்க் காதுக்குத் திரும்புவது ஒன்று, மண்டை ஓட்டின் எலும்பு வழியாக அதிர்ந்து நேரே உள்காதுக்குப் போவது இன்னொன்று. எலும்பு வழியில் தாழ்ந்த ஒலிகள் நன்றாகச் சேரும், அதனால் உங்கள் காதில் உங்கள் குரல் கனமாக இருக்கும். பதிவில் அந்த இரண்டாவது பாதை இல்லை. இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள், திடீரென்று தலைக்குள் முழங்குகிறதே, எலும்பு வழிக் குரலின் பங்கு அதுதான்.

பிடிக்காமல் போவதற்குப் பழக்கமும் ஒரு காரணம். புகைப்படத்தில் முகம் கோணலாகத் தெரிவதாக நினைப்பதும் இந்த வகைதான். 1977-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவருடைய படத்தை நேராக ஒன்றும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றி ஒன்றும் அச்சிட்டு எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் படத்தைத் தேர்ந்தார்கள், அவர்களுடைய நண்பர்கள் நேர்ப் படத்தை. அவரவர் தினம் பார்ப்பது அவரவருக்கு அழகு. உங்கள் நண்பர்களுக்கு உங்கள் பதிவுக் குரல்தான் உங்கள் குரல், அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. தைரியமாக அனுப்புங்கள்.

கேள்வி: விரலைச் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என்கிறார்களே?

பதில்: டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவரிடம் சின்ன வயதில் இதையே சொல்லி மிரட்டினார்கள். அவர் 50 ஆண்டுகளாக இடது கை விரல்களை மட்டும் தினமும் சொடுக்கினார், வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் ஒரு மருத்துவ இதழில் கடிதம் எழுதினார், 2009-இல் அதற்கு இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார். ஒரே ஒருவரின் கை என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாதுதான், ஆனால் மற்ற ஆய்வுகளிலும் சொடுக்குவதற்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. சத்தம் எலும்பு உரசுவதால் வருவதில்லை, மூட்டுத் திரவத்தில் இருக்கும் வாயு செய்யும் வேலை. வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எதிரே வருபவருக்கு வழிவிட நான் ஒரு பக்கம் நகர்ந்தால் அவரும் அதே பக்கம் நகர்கிறார், நான் மாறினால் அவரும் மாறுகிறார். இரண்டு பேரும் சிரித்து வழிந்து ஒருவழியாகப் போகிறோம். என்னதான் செய்வது?

பதில்: நின்றுவிடுங்கள். ஒருவர் நின்றால் போதும், மற்றவர் போய்விடுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், இது எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்பதுதான். நெரிசலான நடைபாதையில் எத்தனை பேரைத் தாண்டுகிறோம், ஒரு வார்த்தை பேசாமல்! எதிரே வருபவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எங்கே போகிறது என்பதை நாம் அறியாமலே படித்து, அவரும் நம்மைப் படித்து, இருவரும் சேர்ந்து ஒரு பாதையைப் பேசி முடிக்கிறோம். ஜப்பானில் ஹிசாஷி முராகாமி குழுவினர் மாணவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து எதிரெதிரே நடக்கவிட்டார்கள். சாதாரணமாக அப்படி நடக்கும்போது, யாரும் சொல்லாமலே வரிசைகள் தானாக உருவாகும். ஒரு கூட்டத்தின் முன்னணியில் இருந்த சிலரைப் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கச் சொன்னதும் வரிசை உருவாகத் தாமதமானது, போனைத் தொடாதவர்களும் தடுமாறினார்கள், ஏனென்றால் அவர்களால் எதிரில் வருபவரைப் படிக்க முடியவில்லை. ஒருவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது என்பது எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. 2021-இல் இந்தக் குழுவுக்கும் ஓர் இக் நோபல் கிடைத்தது.

உங்கள் சிக்கல் வருவது இருவரும் ஒரே கணத்தில், ஒரே வேகத்தில் திருத்திக்கொள்ளும்போது. கொஞ்சம் தூரத்திலேயே ஒரு பக்கம் தெளிவாக ஒதுங்கிவிடுங்கள், போகப்போகும் திசையையே பாருங்கள், அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கண்ணிலிருந்து அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: சட்டையில் ஒரு கறை இருந்தால் அன்றைக்கு ஊரே அதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

பதில்: பார்ப்பவர்கள் நீங்கள் நினைப்பதில் பாதி. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குப் போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டைக் கொடுத்து, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

கேள்வி: பரீட்சைக்கு ஒரே பேனா, முக்கியமான நாளுக்கு ஒரே சட்டை. மூடநம்பிக்கை என்று தெரிந்தும் விட முடியவில்லை.

பதில்: அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948-இல் புறாக்களை வைத்துச் செய்த சோதனை இது. பசித்த புறா கூண்டில் இருக்கிறது, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டமடிக்க ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் ஒரு மூலையில் தலையை முட்டி முட்டி எடுத்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததை அவை பிடித்துக்கொண்டன என்றார் ஸ்கின்னர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் அது தீனிக்காகக் காத்திருக்கும் புறாவின் இயல்பான அசைவுதான் என்று மறுத்தார்கள், அந்த விவாதம் தனி.

மனிதர்கள் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, நியூ கினிக்குப் பக்கத்தில் இருக்கும் டிரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டது. அமைதியான காயலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் எந்த மந்திரமும் சடங்கும் செய்வதில்லை, அங்கே திறமை போதும். ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகள் உண்டு. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், பல் தேய்க்க ராசியான பிரஷ் தேடுவதில்லை, பரீட்சைக்குத்தான் ராசியான பேனா. முடிவு நம் கையில் முழுக்க இல்லாத இடத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால், ஆடிக்கொண்டிருந்த காலத்தில், தன் இருக்கைக்கு முன்னால் தண்ணீர் பாட்டில்களை ஒரே இடத்தில், ஒரே திசையில் வைப்பார். மைதானத்தில் நடப்பதற்கெல்லாம் அவரால் உத்தரவாதம் தர முடியவில்லை, பாட்டில்களுக்கு முடிந்தது.

அந்தப் பேனா உங்கள் பதற்றத்தைக் குறைக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். பேனா தொலைந்துபோன நாளில் கை நடுங்குமானால் அது உதவியாக இருப்பதை விட்டு உங்களை ஆள ஆரம்பித்துவிட்டது. சின்னப் பரீட்சை ஒன்றுக்கு வேண்டுமென்றே வேறு பேனா எடுத்துப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: கொட்டாவி ஏன் தொற்றிக்கொள்கிறது?

பதில்: கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே வரும் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ப்ரோவைன் காட்டியிருக்கிறார், இந்த வரிக்குள் உங்களில் சிலருக்கு வந்திருக்கும். கருவில் இருக்கும் குழந்தையும் கொட்டாவி விடுகிறது. ஆனால் அடுத்தவரைப் பார்த்து விடும் பழக்கம் நாலைந்து வயதுக்கு மேல்தான் நன்றாகத் தெரிகிறது, அதனால் இதைச் சேர்ந்து வாழும் இயல்போடு பலர் இணைத்துப் பார்க்கிறார்கள். மனிதரிடமிருந்து நாய்க்கும் தொற்றுகிறது என்று 2008-இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கூட்டத்தில் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் உங்கள் பேச்சு சலித்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்.

கேள்வி: இருட்டான இடத்திலிருந்து வெயிலுக்கு வந்ததும் எனக்குத் தும்மல் வரும், என் அப்பாவுக்கும் அப்படியே. யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: நான் நம்புகிறேன். இது பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலைந்து பேரில் ஒருவருக்காவது இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். வண்டி ஓட்டுபவர் என்றால் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே குளிர்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள்.